பேனாக் கோடு

கலாமாவிலிருந்து பஸ் மலையேற ஏற
பைக்குள் சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பிக்கொள்ளும்.
பின் சீட்டில் எவனாவது ஒன்றைப் பட்டென்று வெடிப்பான்.
ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு என்று
மூன்று வருடமாக இந்தச் சத்தத்தில்தான்
என் வாரம் பிறக்கிறது.

முந்நூறு டன் செம்புக்கல் சுமக்கும் வண்டி என்னுடையது.
சக்கரமே இரண்டு ஆள் உயரம்.
ஓட்டிவிட்டு இறங்கினால்
முகம், சுட்டு ஆறிய அப்பளம்.
சிரித்தால் கன்னம் எரியும்.
குறைவாகச் சிரித்துப் பழகிக்கொண்டேன்.

போனஸ் வந்த மாதம்
மருந்துக்கடைப் பெண் ஒரு சீரம் எடுத்துக் கொடுத்தாள்.
முப்பது மில்லி. ஒரு ஜோடி பூட்ஸின் விலை.
"ஹயலூரானிக்" என்றாள்,
பெரிய இடத்துச் சம்பந்தத்தின் பெயரைச் சொல்வதுபோல்.
நான் தலையாட்டினேன்.
தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு முகம் கழுவி, அழுந்தத் துடைத்து,
ஒரு சிகரெட் பிடித்து, மகனோடு போனில் பேசி,
அதன் பிறகு பூசுவேன்.
மேலே ஒன்றும் கிடையாது. சீரம் இருக்கிறதே, கிரீம் எதற்கு?
பத்தாம் நாள் கன்னம் முன்னைவிட இழுத்தது.
காசு கொடுத்து வாங்கிய வறட்சி.

போதாததற்கு, புட்டியில் அளவு குறைந்துகொண்டே வந்தது.

அறையில் இருவர்.
பகல் ஷிப்ட் நான், இரவு ஷிப்ட் நயாதெத்.
அவள் கட்டிலின் கதகதப்பு தெரியும்,
வடிகாலில் சிக்கிய செம்பட்டை முடி தெரியும்.
ஆளைப் பார்த்ததில்லை.
என் பஸ் இறங்கும்போது அவள் பஸ் ஏறும்,
இரண்டிலுமே தூசிக் கண்ணாடி.

ஒரு புதன், வீட்டைவிட்டுக் கிளம்புமுன்
புட்டியில் பேனாவால் கோடு போட்டேன்.
மேலே வந்து, பையை அறையில் போட்டுவிட்டு
நேரே வண்டிக்கு ஓடினேன்.
இரவு பார்த்தால்
கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே.
ஒரே சொல் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்:
திருடி.

மறுநாள் அதே தாளின் பின்பக்கம், பச்சை மையில்:

"யஸ்னா, ஜூனில் ஒரு சொட்டு எடுத்தேன், வாசம் பார்க்க.
அதற்கு மன்னிப்பு. மற்றதெல்லாம் மலை எடுத்தது.
உயரம் ஏறினால் புட்டிக்குள் காற்று விம்மும்,
ரப்பர் மூடியோரம் சீரம் கசியும்.
பையின் அடியைத் தொட்டுப் பார்.

இன்னொன்று. உன் துண்டு எப்போதும் ஈரம்.
அப்படியென்றால் உன் முகம் காய்ந்திருக்கிறது.
இரவில் சுரங்கச் சாலைக்குத் தண்ணீர் அடிப்பவள் நான்.
வெறும் தண்ணீர் அடித்தால் அரைமணியில் தூசி.
உப்பு கலந்து அடிக்கிறோம், அது ஈரத்தை விடாது.
உன் சீரமும் அந்த உப்பின் சாதிதான்.
இருப்பதைப் பிடித்து வைக்கும்,
இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்?
காற்றில் ஈரம் இல்லையென்றால்
உன் தோலுக்குள்ளிருந்தே உறிஞ்சும்.
துடைக்காதே. சொட்டச் சொட்ட இருக்கும்போதே மூன்று துளி.
உடனே மேலே கிரீம், சட்டிக்கு மூடி மாதிரி.
காலையில் சன்ஸ்கிரீன். அதை மறந்தால்
அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்."

பையின் அடி பிசுபிசுத்தது.
வீட்டுச் சாவியும் ஒரு சில்லறைக் காசும்
பளபளவென்று கிடந்தன.
இந்த மலையிலேயே நல்ல சருமம் அவற்றுக்குத்தான்.

நான்கு இரவு துடைக்காமல் பூசினேன்.
அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.
நெற்றிக் கோடுகள் நெற்றியிலேயே இருக்கின்றன.
ஐந்தாம் நாள் விடிகாலை
அவள் நனைத்துவிட்டுப் போன சாலை
கறுத்து, தூசி எழாமல் கிடந்தது.
அதன்மேல் முந்நூறு டன்னோடு போகையில்
ரேடியோவில் எவனோ உளற, சிரித்துவிட்டேன்.
சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்,
கன்னம் எரியவில்லை.

இரவு, கண்ணாடியில் புதுத் தாள்:
"புட்டி இனி கீழ்த்தட்டில். நீயும் போட்டுக்கொள்.
கோட்டை அழிக்கப் பார்த்தேன், போகவில்லை.
நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கிறதா?"